பழைய லாரி வாங்குமுன் கை எட்டுமா எனக் காண்க

நூலும் சேலையும் ஏற்றிச் செல்ல நெசவாளர் சங்கங்களும், நெல்லும் உரமும் ஏற்றிச் செல்ல விவசாயிகள் சங்கங்களும் சொந்தமாக லாரி வாங்க எண்ணுவதுண்டு. பொதட்டூர்பேட்டை, ஆரணி முதலிய நெசவூர்களுக்கும், பொன்னேரி வட்டத்து நெல் விளையும் ஊர்களுக்கும் வாடகை வண்டிச் செலவு சிறிதன்று. புது வண்டிக்குப் பொருள் போதாதபோது பழைய வண்டியை நாடுவது இயல்பே. ஆயின் விலை, டயர், பெயிண்ட், ஆவணம் ஆகிய நான்கையும் பார்ப்போர் ஐந்தாவது ஒன்றைப் பார்க்கத் தவறுகின்றனர். அடிக்கடி கவனிக்க வேண்டிய உறுப்புகளைக் கை எட்டித் தொட முடியுமா என்பதே அது.

நான் ஆய்வுக்குச் சென்ற சங்கம் ஒன்றில் குறைந்த விலைக்கு ஒரு லாரி வாங்கியிருந்தனர். டீசலில் கலந்த நீரைப் பிரித்துத் தேக்கும் வடிகட்டி சட்டத்தின் பக்கத்தில் இருந்தது. முந்திய உரிமையாளர் அதன்முன் பெரிய கருவிப்பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார். பெட்டியைக் கழற்றினால்தான் நீரை வடிக்க முடியும். அந்த வேலையைத் தினமும் எவர் செய்வார்? நீர் எரிபொருள் பம்பினுள் புகுந்தது. அறுவடைக் காலத்தில் வண்டி பட்டறையில் நின்றது. உறுப்பினர் நெல் வாடகை லாரியில் சென்றது. வாங்கும்போது மிச்சமான பணம் பழுதுச் செலவிலும் வாடகையிலும் கரைந்தது. எல்லோரும் டிரைவரைக் குறை கூறினர். பெட்டியைக் கழற்றிப் பார்த்த பின்னரே உண்மைக் காரணம் புலப்பட்டது.

கை எட்டாத உறுப்பு கவனிப்பாரற்றுப் போகும். கவனிப்பாரற்ற உறுப்பு காலமல்லாக் காலத்தில் கெடும். ஆதலின் வாங்குமுன் பின்வருவனவற்றை நேரிற் காண்க.

முதலாவது, எஞ்சின். பழைய லாரிகள் பலவற்றில் எஞ்சின் கேபினுக்குள் ஒரு மூடியின் கீழ் இருக்கும். மூடியைத் திறந்தால் மேற்பாகம் தெரியும். கீழ்ப்பாகத்திற்கு வண்டியின் அடியில் புகவேண்டும். பிற்கால வண்டிகளில் கேபினையே முன்பக்கம் சாய்க்கலாம். விற்பவர் சொல்லை நம்பாது, கேபினை ஒருமுறை சாய்த்து மீண்டும் இறக்கிக் காட்டச் செய்க. பம்பில் எண்ணெய் கசிகிறதா, பூட்டு சரியாக விழுகிறதா எனப் பார்க்க. சாய்க்குமுன் கேபினுள் கிடக்கும் பொருள்களை அகற்றாவிடில் அவை முன்கண்ணாடியில் விழும். தாங்குகோல் பூட்டப்படாத கேபினின் கீழ் எவரும் தலை நீட்டலாகாது.

இரண்டாவது, பாடியும் சட்டமும். கிரீஸ் ஏற்றும் நிப்பிள்கள், பிரேக் சரிசெய்யும் இடங்கள், பாட்டரி ஆகியவற்றை மேலே கட்டிய பாடி மறைக்கிறதா எனக் குனிந்து பார்க்க. சட்டத்தில் பொறித்த எண் தெளிவாகப் புலப்படவேண்டும். புதிய சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கொரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டும். எண் மறைந்திருப்பின் ஒவ்வொரு முறையும் தொல்லையே.

மூன்றாவது, துரு. பழவேற்காட்டுப் பக்கம் கடற்காற்றில் ஓடிய வண்டியில், கை எட்டும் ஆணியும் துருவேறித் திருகாது போகலாம். சில நட்டுகளைத் திருகிக் காண்பது நலம்.

நான்காவது, வண்டியின் வயது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி நடைமுறையில் உள்ளது. அவ்வகை லாரிகளுட் பலவற்றில் டீசல் தொட்டியோடு யூரியாக் கரைசல் தொட்டியும், புகைக்கரி வடிகட்டியும் உண்டு. அக்கரைசலை டீசல் தொட்டியில் தவறி ஊற்றினால் பெருஞ்சேதம் விளையும்; ஆகவே இரு வாய்களும் தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளனவா எனக் காண்க. இவற்றின் கோளாறறிய மின்னணுக் கருவி வேண்டும். அக்கருவி உள்ள பட்டறை அருகில் உண்டா என முன்னரே விசாரிக்க.

பட்டறையும் கைக்கு எட்ட வேண்டியதே. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சார்ந்த சங்கத்திற்குச் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை அருகில் உள்ளது. பள்ளிப்பட்டுப் பக்கத்துச் சங்கத்திற்கு அவ்வசதி இல்லை. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் எனத் தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனம் நம் அண்டையிலேயே வளர்ந்தது. எனினும் அருகில் தோன்றிய வண்டி என்பதாலேயே அதன் பழைய மாதிரிக்கு உறுப்புகள் கிடைத்துவிடும் எனக் கருதற்க. மாதிரியின் பெயரைக் கூறிக் கடையில் கேட்டறிக.

இவற்றை அறிய எளிய வழி ஒன்றுண்டு. வண்டியை ஓட்டப்போகும் டிரைவரையே அழைத்துச் செல்க. எண்ணெய் அளவு பார்த்தல், ரேடியேட்டர் நீர் பார்த்தல், டீசல் நீர் வடித்தல், பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தல், ஸ்டெப்னியை இறக்குதல் ஆகிய ஐந்தையும் சாதாரணக் கருவிகளோடு அவர் தனியே செய்யட்டும். எங்கே அவர் தயங்குகிறாரோ அங்கே நாளைய செலவு ஒளிந்துள்ளது. பெட்டியை மாற்றிப் பொருத்துவது போன்ற சிறு வேலையாயின் அச்செலவை விலையிற் கழித்துக் கேட்கலாம்; இயலாதாயின் வேறு வண்டி பார்க்கலாம்.

கண்டவற்றை நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்பதும் கடமையாகும். லாரிக்குக் கொடுக்கும் பணம் தறியிலும் வயலிலும் உழைத்தோர் சேர்த்த பங்குத்தொகை. வண்டியின் அடியில் குனிந்து பார்க்கும் அரைமணி நேரம் அப்பணத்திற்கு நாம் செய்யும் காவல்.