வாயை அடைத்தால் இனிமையாகப் பாடும் டிரம்பெட்!

"மியூட்" விழாமல் காப்பது 3 தக்கைத் துண்டுகள்

பெரிய கச்சேரி நடக்கிறது. மண்டபம் நிறைய ஜனங்கள். வயலின்கள் மெல்ல மெல்ல ஓய்கின்றன. எங்கோ தொலைவில் இருந்து வருவது போல, ஒரு டிரம்பெட் மெதுவாகப் பாடுகிறது.

"டங்!"

ஏதோ ஒன்று மேடையில் விழுந்து உருளுகிறது. அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். டிரம்பெட்காரரின் முகம் வெளுத்துப் போகிறது.

விழுந்தது என்ன? "மியூட்"!

டிரம்பெட் வாசிக்கிறவர்கள் அஞ்சி நடுங்கும் விபத்து இது. இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு சிறிய தக்கைத் துண்டுதான்.

மியூட் என்பது என்ன?

டிரம்பெட், பித்தளைக் குழல். கல்யாண ஊர்வலத்தில் பாண்டு வாத்தியக்காரர்கள் ஊதுவதைப் பார்த்து இருப்பீர்கள். சுருண்டு கிடக்கும் அதன் குழாயை நீட்டினால் ஏறத்தாழ 5 அடி இருக்கும். முன்வாய் ஊமத்தம்பூவைப் போல விரிந்து இருக்கும்.

அந்த முன்வாயில் செருகும் அடைப்பானுக்குத்தான் மியூட் என்று பெயர். மியூட் என்றால் "ஊமை". ஆனால், டிரம்பெட் ஊமையாகி விடாது. ஒலி அடங்கும், குரல் மாறும். அவ்வளவுதான்.

அலுமினியம், பிளாஸ்டிக், கெட்டி அட்டை ஆகியவற்றால் மியூட் செய்கிறார்கள்.

400 ஆண்டுப் பழக்கம்

இது புதிய பழக்கம் அல்ல. இத்தாலிய இசை மேதை மோண்டெவெர்டி, 1607-ம் ஆண்டில் "ஓர்ஃபியோ" என்ற இசை நாடகத்தை அமைத்தார். "மியூட் போட்டு ஊதினால் சுருதி ஒரு சுரம் ஏறிவிடும்" என்ற விஷயத்தை அதிலேயே அவர் குறித்து இருக்கிறார்.

பிரெஞ்சு நாட்டு டெபுஸ்ஸியின் "திருவிழாக்கள்" என்ற இசை, 1900-ம் ஆண்டில் பாரிஸ் நகரில் அரங்கேறியது. அதில் ஓர் ஊர்வலம் தூரத்தில் வருகிறது. அந்தத் தூரத்தைக் காட்டுவது எது? மியூட் போட்ட 3 டிரம்பெட்டுகள்!

அமெரிக்க நீக்ரோ கலைஞர்கள் வளர்த்த "ஜாஸ்" இசையில் மியூட் பேசவே தொடங்கியது. "ராஜா" என்று பட்டம் பெற்ற ஜோ ஆலிவர், மியூட்டைக் கையால் மூடித் திறந்து குழந்தை அழுவது போல ஊதினார். 1923-ம் ஆண்டில் அவர் வாசித்த இசைத்தட்டுகளை இன்றும் கேட்கலாம். பப்பர் மைலி என்பவர், குழாய் அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணத்தையே பயன்படுத்திக் குழலை உறும வைத்தார்!

3 துண்டு தக்கை

சாதாரண மியூட்டின் கழுத்தில் 3 தக்கைப் பட்டைகள் ஒட்டி இருக்கும். இவைதான் குழலின் வாயைப் பிடித்துக் கொள்கின்றன. பட்டைகளின் நடுவே உள்ள சந்து வழியாகக் காற்று வெளியே வரும்.

எல்லா டிரம்பெட்டின் வாயும் ஒரே மாதிரி விரிவது இல்லை. ஆகவே கடையில் வாங்கும் மியூட்டில் தக்கை பெரும்பாலும் சற்றுத் தடிப்பாகவே இருக்கும். அவரவர் குழலுக்குத் தக்கபடி தேய்த்துக் கொள்ள வேண்டும். நாதஸ்வரக்காரர் சீவாளியைப் பக்குவப்படுத்துகிறாரே, அதுபோல!

தக்கை தடித்து இருந்தால், மியூட் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எப்போது விழுமோ என்று பயம். தக்கை தேய்ந்து இருந்தால், மியூட் அதிகமாக உள்ளே போய்விடும். சுருதி ஏறிவிடும். மோண்டெவெர்டி சொன்ன அதே தொல்லை!

தேய்ப்பது எப்படி?

முதலில், எந்தத் தக்கை ஒட்டவில்லை என்று பார்க்க வேண்டும். மியூட்டைச் செருகும்போது, ஒவ்வொரு தக்கைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வையுங்கள். பிறகு இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் அந்தப் பக்கம் பிடிப்பு இல்லை. இறுகிப் பிடிக்கும் மற்ற தக்கைகளைத்தான் தேய்க்க வேண்டும்.

மெல்லிய உப்புத்தாள் போதும். நாலு தேய்ப்பு, உடனே செருகிப் பார்க்க வேண்டும். மறுபடி நாலு தேய்ப்பு. மூன்றும் சமமாகப் பிடித்த பிறகும் தடிப்பாக இருந்தால், மூன்றையும் ஒரே அளவாகத் தேய்க்க வேண்டும். அவசரம் கூடாது. தேய்த்த தக்கை திரும்ப வளராது!

கிண்ணம் போன்ற மூடி உள்ள மியூட்டும் உண்டு. அதில் தக்கையைத் தேய்க்கத் தேய்க்க, கிண்ணம் குழல் வாயை நெருங்கும். ஒலி மேலும் மிருதுவாகும். அளவு மீறினால் குரல் அமுங்கிப் போகும்.

"ஹார்மன்" என்ற வகையில் தக்கை வளையமாகச் சுற்றி இருக்கும். காற்று முழுவதும் மியூட்டின் உள்ளே புகுந்துதான் வர வேண்டும். சிறிது கசிந்தாலும் குரல் கெட்டுவிடும். புகழ் பெற்ற மைல்ஸ் டேவிஸ், இதன் நடுக்குழாயைக் கழற்றி வைத்துவிட்டு வாசித்தார். காதோடு ரகசியம் சொல்வது போன்ற அந்த ஒலி உலகத்தையே மயக்கியது.

தேய்ந்து போனால்?

பழைய தக்கையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் தக்கை ஒட்ட வேண்டும். தண்ணீரில் கரையாத பசையாக இருக்க வேண்டும். மூச்சுக் காற்றின் ஈரம் அதில் படும் அல்லவா? ஓர் இரவு முழுவதும் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்து, மறுநாள் தேய்க்க வேண்டும்.

மேடையில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. செருகும் முன் குழலின் வாயில் "ஹா" என்று ஒரு முறை ஊத வேண்டும். அந்த ஈரத்தில் தக்கை கெட்டியாகப் பிடிக்கும். செருகும்போது லேசாகத் திருக வேண்டும். ஓங்கி அடித்துச் செருகினால் குழல் நசுங்கும்.

பிறகு குழலைக் கீழே சாய்த்துப் பார்க்கலாம். மியூட் விழவில்லையா? சரி, இனிக் கவலை இல்லை.

ஆயிரம் பேர் ரசிக்கும் கச்சேரி. ஆண்டுக் கணக்கில் பழகிய வித்துவான். விலை உயர்ந்த குழல். இவ்வளவையும் காப்பாற்றுவது யார்?

கட்டை விரல் அகலம் உள்ள மூன்று தக்கைத் துண்டுகள்!