உங்களுக்குத் தெரியுமா? ஸ்னைப்பரும் டி.வி.யும்

மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர் பல நேரம் வலுக்குறைந்த படையின் ஆயுதம். ஒற்றை ஆள் ஒரு பட்டாளத்தையே மணிக்கணக்கில் முடக்கிவிடலாம். 2008 நவம்பரில் மும்பையில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலின்போது இது தலைகீழானது. கொலாபாவின் நாரிமன் ஹவுஸுக்குள் பிணையாளிகளோடு பதுங்கியிருந்த பயங்கரவாதிகள் இரண்டே பேர். அக்கம்பக்கக் கட்டடங்களிலிருந்து ஜன்னல்களைக் குறிவைத்துக் காத்திருந்தவர்கள் தேசியப் பாதுகாப்புப் படையின் (என்.எஸ்.ஜி.) ஸ்னைப்பர்கள்.

நவம்பர் 28 காலை, ஹெலிகாப்டரிலிருந்து கமாண்டோக்கள் கயிற்றில் மொட்டை மாடிக்கு இறங்கியதை நாடே நேரலையில் பார்த்தது. பாகிஸ்தானிலிருந்து போனில் தாக்குதலை இயக்கியவர்களும் டி.வி. பார்த்தபடியேதான் உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்!

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியினரைப் பயங்கரவாதிகள் பிணைபிடித்தபோதும் இதே கூத்துதான். கூரையேறிய போலீசாரை உள்ளே இருந்தவர்கள் டி.வி.யிலேயே பார்த்துவிட்டார்கள். அன்றிரவு விமானத் தளத்தில் எட்டுப் பயங்கரவாதிகளை எதிர்கொள்ள, குறிபார்த்துச் சுட நிறுத்தப்பட்ட போலீசார் ஐந்து பேர்; முறையான ஸ்னைப்பர் பயிற்சி கிடையாது, பேசிக்கொள்ள வாக்கிடாக்கியும் கிடையாது. மிச்சமிருந்த ஒன்பது பிணையாளிகளும் மாண்டனர். அந்தத் தோல்விக்குப் பிறகு ஜெர்மனியில் உருவானதே பி.எஸ்.ஜி.1 ஸ்னைப்பர் துப்பாக்கி; என்.எஸ்.ஜி. ஸ்னைப்பர்களிடமும் அது உண்டு.

பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலை செய்ய இந்தியாவில் விதிப்படி தடை வந்தது 2015இல்தான்.