கார்டோஸோ சொல்லாமல் விட்ட நன்றி

ஹவுராவில் ஷிப்பூர் பக்கம் மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஓய்வுபெற்ற ராணுவக்காரர்கள் வந்தால் முதலில் முட்டிவலியைப் பற்றித்தான் பேசுவார்கள். தூக்கம் கெட்டது, காளி பூஜை வெடிச்சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவது எல்லாம் மெல்லத்தான் வெளியே வரும். அதிகாரியாக இருந்தவர் என்றால் இன்னும் தாமதம். தன் முகத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தைரியமாக நிற்கிறார்கள் என்று பயத்தை விழுங்கியே பழகியவர் அவர்.

இங்கிருந்து வித்யாசாகர் சேது பாலத்தில் ஹூக்ளியைக் கடந்தால், இப்போது விஜய் துர்க் என்று பெயர் மாறிய வில்லியம் கோட்டை, ராணுவத்தின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகம். 1971 இந்திய-பாகிஸ்தான் போரின் கிழக்கு முனை அங்கிருந்துதான் நடத்தப்பட்டது. அந்தப் போர் என்றாலே எனக்கு மேஜர் இயான் கார்டோஸோ நினைவுக்கு வருவார்.

போர் மூண்டபோது அவர் நீலகிரியில், வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய கூர்க்கா பட்டாலியனின் துணைத் தளபதி களத்தில் இறந்துபோக, அந்த இடத்துக்கு இவரை அனுப்பினார்கள். இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட்டில் கண்ணிவெடி மிதித்துக் கால் சிதைந்தது. மார்ஃபின் இல்லை. காலை வெட்டிவிடச் சொன்னபோது கூட இருந்த கூர்க்கா வீரருக்குக் கை வரவில்லை. அவருடைய குக்ரிக் கத்தியை வாங்கித் தானே வெட்டிக்கொண்டார், புதைத்துவிடுங்கள் என்றார்.

இந்த இடத்தோடு கதையை நிறுத்தி மெய்சிலிர்ப்பவர்கள் அதிகம். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அதைச் சொல்லுமுன் உளவியல் பக்கம் கொஞ்சம் போய்வர வேண்டும்.

மார்ட்டின் செலிக்மன் 1998-இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவரானபோது, நோயை மட்டும் ஆராயாமல் மனிதரை நிமிர்த்தும் பலங்களையும் ஆராய வேண்டும் என்றார். நேர்மறை உளவியல் வேரூன்றியது அப்படித்தான். சில ஆண்டுகள் முன்பே டெடெஸ்கி, கால்ஹூன் என்ற இருவர், பெரும் அதிர்ச்சிக்குப் பின் சிலரிடம் வளர்ச்சியும் தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். உறவுகள் ஆழமாகின்றன, புது வழிகள் தென்படுகின்றன. ஆனால் வேதனையும் கூடவே இருக்கும் என்பதையும் அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். மேடைப் பேச்சாளர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

1991 வளைகுடாப் போரில் ஹெலிகாப்டர் வீழ்த்தப்பட்டு, இரு கைகளும் முறிந்து ஈராக்கில் சிறைப்பட்ட ராணுவ மருத்துவர் ரோண்டா கார்னம் பின்பு பிரிகேடியர் ஜெனரல் ஆனார். செலிக்மன் குழுவின் துணையோடு 2009-இல் அமெரிக்க ராணுவம் தொடங்கிய மனவலிமைப் பயிற்சித் திட்டத்தை அவரே வழிநடத்தினார். அந்தத் திட்டம் மனநோயைத் தடுத்ததற்குச் சான்று போதாது என்று அந்நாட்டு மருத்துவ நிறுவனத்தின் 2014 அறிக்கை சொன்னது. சரியான எச்சரிக்கை. வளரவில்லையே என்ற குற்ற உணர்ச்சியையும் ஒரு சிப்பாயின் தலையில் ஏற்றிவிடக் கூடாது.

கார்டோஸோ செயற்கைக் காலோடு ஓடினார், மலை ஏறினார். ராணுவத் தலைமைத் தளபதி டி.என். ராய்னா அவரை லடாக் அழைத்துப்போய்ப் பார்த்த பிறகே பட்டாலியன் தலைமை கிடைத்தது. கால் இழந்தும் காலாட்படை பட்டாலியனுக்குத் தலைமை ஏற்ற முதல் இந்திய அதிகாரி அவர். மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்று, 2005 முதல் 2011 வரை இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் தலைவராக மாற்றுத்திறனாளிகளுக்காக உழைத்தார். தன் காயத்தைப் பிறருக்குப் பயன்படும் வேலையோடு கட்டிக்கொண்டவர் என்று அவரைச் சொல்வேன்.

போரின்போது அவருக்கு அறுவை சிகிச்சை செய்தவர் பிடிபட்டிருந்த பாகிஸ்தான் ராணுவ மருத்துவர் மேஜர் முகமது பஷீர். எதிரியின் கையில் தன் உடம்பை ஒப்படைக்க முதலில் கார்டோஸோவுக்கு மனமில்லை. பின்னாளில், அவரைத் தேடிப்போய் நன்றி சொல்லாதது என் தவறுதான் என்று வருந்தினார். நன்றிக்குரியவரிடம் நேரில் போய் அதைச் சொல்வது செலிக்மன் பரிந்துரைத்த பயிற்சிகளில் ஒன்று. நானும் என்னிடம் வருபவர்களுக்கு அதைச் சொல்வதுண்டு, ஆனால் தூக்கம் திரும்பிய பிறகுதான். தூக்கமில்லாதவருக்கு முதலில் மருத்துவர் வேண்டும்.

2023 டிசம்பரில் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் ராணுவத்தினருக்கென்றே டெலி-மனஸ் தொலைபேசி ஆலோசனைப் பிரிவு திறக்கப்பட்டது. பொதுமக்களுக்கான டெலி-மனஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். ஓய்வுபெற்ற அதிகாரிகளிடம் நான் ஒன்று கேட்பேன்: உங்கள் பழைய பட்டாலியன்காரர்கள் கூடும் நாளில், எனக்கும் தூக்கம் வரவில்லை, மருத்துவரைப் பார்த்தேன் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள் சார்.