பிரதேசக் குறியீட்டெண்கள்: ரொறன்ரோவும் யாழ்ப்பாணமும்

நம் நாட்டிலிருந்து கனடா சென்று குடியேறியோருட் பலர் ரொறன்ரோ மாநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றனர். அவர்தம் தொலைபேசி இலக்கங்களை நோக்குவோமாயின் சில 416 என்றும், சில 905 என்றும், வேறு சில 647 என்றும் தொடங்கக் காண்போம். ஒரு மாநகரத்தைச் சார்ந்து வாழ்வோர்க்கு இத்தனை தலைப்பெண்கள் எவ்வாறு வந்தன? இதனை அறிய நாம் 1947 ஆம் ஆண்டுக்குச் செல்லல் வேண்டும்.

அந்நாளில் வட அமெரிக்காவில் வெளியூருக்குப் பேச விரும்புவோர் தாமே எண்ணைச் சுழற்றித் தொடர்பு பெறல் இயலாது. இணைப்பு நிலையத்தில் இருந்த பணிப்பெண் மற்றோர் ஊரின் பணிப்பெண்ணை அழைப்பாள். அவள் இன்னொருத்தியை அழைப்பாள். இவ்வாறு கைமாறிக் கைமாறியே பேச்சு சென்று சேரும். இவ்வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க எண்ணிய அமெரிக்கத் தொலைபேசி தந்திக் கம்பனியார் ஐக்கிய அமெரிக்காவையும் கனடாவையும் 86 பிரதேசங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூவிலக்கக் குறியீட்டெண் வழங்கினர். ஒன்ராறியோ மாகாணத்துக்கு இரண்டு கிடைத்தன. ரொறன்ரோ அமைந்த பகுதி 416. ஒட்டாவா அமைந்த பகுதி 613.

இவ்வெண்கள் கண்ணை மூடிக்கொண்டு இட்டவை அல்ல. ஒரு குறியீட்டெண்ணே அமைந்த மாநிலத்துக்கு நடுவிலக்கம் 0. ஒன்றுக்கு மேற்பட்டவை அமைந்த இடத்துக்கு நடுவிலக்கம் 1. நியூ ஜேர்சி 201 ஆகவும், நியூயோர்க் நகர் 212 ஆகவும் ஆனமை இவ்விதிப்படியே. ஏன் 0, 1 என்ற இவ்விரண்டு மட்டும்? அக்காலத்து எண்வட்டில் ஆங்கில எழுத்துக்களும் பொறிக்கப்பட்டிருந்தன. உள்ளூர் இணைப்பு நிலையத்தின் பெயரில் முதலிரண்டு எழுத்துக்களைச் சுழற்றியே பேச்சைத் தொடங்குவர். நியூயோர்க்கில் பென்சில்வேனியா என்ற நிலையத்துக்கு அவ்வெழுத்துக்கள் 7, 3 என்னும் துளைகளில் அமைந்தன. 1 என்ற துளையில் எழுத்து இல்லை; 0 பணிப்பெண்ணை அழைப்பதற்கு உரியது. ஆகவே உள்ளூர் இலக்கம் எதிலும் இரண்டாம் இடத்தில் 0 அல்லது 1 வருதற்கு வழியில்லை. வந்தால் அது வெளியூர் அழைப்பே என்று இயந்திரம் அறிந்துகொள்ளும். இரண்டாம் இலக்கத்திலேயே ஊரும் புறவூரும் பிரிந்துவிடும் இவ்வேற்பாட்டின் நுட்பம் நம்மை வியக்கச் செய்கின்றது.

இன்னொரு கணக்கும் உண்டு. எண்வட்டைச் சுழற்றி விட்டால் அது திரும்பி வருகையில் 1 க்கு ஒரு மின்துடிப்பும், 2 க்கு இரண்டும், 0 க்குப் பத்தும் கம்பியிற் செல்லும். 212 க்கு ஐந்து துடிப்புக்களே போதும். சிக்காகோவின் 312 க்கும் லொஸ் ஏஞ்செல்ஸின் 213 க்கும் ஆறு. மிகுதியாக அழைக்கப்படும் பெருநகரங்களுக்குக் குறைந்த துடிப்பும், அலாஸ்கா போன்ற தொலைநிலங்களுக்குக் கூடிய துடிப்பும் வாய்த்தன. அலாஸ்காவின் 907 க்கு 26 துடிப்புக்கள் வேண்டும். பெருநகரத்தார்க்கே சலுகை என்பது தொலைபேசியிலும் மாறவில்லை போலும்!

முதலிற் சில ஆண்டுகள் பணிப்பெண்களே இவ்வெண்களைக் கையாண்டனர். 1951 நவம்பர் 10 ஆம் நாள் நியூ ஜேர்சியின் எங்கிள்வூட் நகரபிதா தாமே எண்ணைச் சுழற்றி, கண்டத்தின் மறுகரையில் கலிபோர்னியாவிலுள்ள அலமீடா நகரபிதாவுடன் பேசினார். பொதுமக்களும் இடையாள் இன்றி வெளியூருக்குப் பேசலாம் என்ற நிலை அன்றே தொடங்கிற்று.

காலப்போக்கில் எண்கள் போதாவாயின. தொலைநகல், கைத்தொலைபேசி, கணினி இணைப்பு என ஒவ்வொன்றும் தனி இலக்கம் கேட்டது. நடுவில் 0 அல்லது 1 என்ற விதியே 1995 இற் கைவிடப்பட்டு, அலபாமாவில் 334, வாஷிங்டன் மாநிலத்தில் 360 என்பன தோன்றின.

தட்டுப்பாட்டைத் தீர்க்க வழிகள் இரண்டு. ஒன்று, பிரதேசத்தைக் கூறுபோட்டு ஒரு பாதிக்குப் புதிய எண் கொடுத்தல். மற்றது, பழைய எண்ணை இருந்தவாறே விட்டு, அதே நிலப்பரப்பின் மேல் இன்னோர் எண்ணையும் விரித்து, புதிதாக இணைப்புப் பெறுவோர்க்கு மட்டும் அதனை வழங்குதல். ரொறன்ரோ இரண்டையும் கண்டது. 1993 இல் நகரம் 416 ஐத் தன்னிடமே வைத்துக்கொள்ள, மிசிசாகா, பிரம்ப்டன், மார்க்கம் முதலிய புறநகரங்கள் 905 க்கு மாற்றப்பட்டன. ஸ்டீல்ஸ் வீதியின் தென்புறத்து ஸ்காபரோ ஒரெண், வடபுறத்து மார்க்கம் வேறெண். தேர்தற் காலங்களில் "905 வாக்காளர்" என்று பத்திரிகைகள் எழுதுமளவுக்கு இவ்வெண் புறநகரத்தாரின் பெயராகவே நிலைத்துவிட்டது. 2001 இல் 416 இன் மேல் 647 விரிக்கப்பட்டது. அதன்பின் அடுத்த வீட்டாரை அழைப்பதாயினும் பத்து இலக்கங்களையும் அழுத்துதல் கட்டாயமாயிற்று.

இவ்விரண்டனுள் பின்னதையே நாம் நேரியதென்போம். கூறுபோடும்போது பழைய எண் பெரும்பாலும் நகர் நடுவார்க்கே எஞ்சும். கடிதத் தலைப்பும் கடைப்பலகையும் மாற்றும் செலவு புறத்தார் தலையில் விழும். நியூயோர்க்கிலும் 1984 இல் மன்ஹாட்டன் 212 ஐ வைத்துக்கொள்ள, புரூக்ளினும் குயீன்ஸும் 718 க்குச் சென்றன. விரிக்கும் முறையிலோ மூன்று இலக்கம் மேலதிகமாக அழுத்தும் சிரமம் எல்லார்க்கும் பொது.

செலவு மட்டுமன்று. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொலைபேசித் தொடர்பு பல ஆண்டுகள் அறுந்து கிடந்தது. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்கக் கிளாலிக் கடலைக் கடந்து வவுனியாவுக்கும் கொழும்புக்கும் சென்ற தாய்மாரை நம்மவர் மறவார். அவர்கள் மடியில் முடிந்துவைத்திருந்த துண்டுக் கடதாசியில் மிசிசாகா மகனின் இலக்கம் 416 என்று எழுதப்பட்டிருந்ததாயின், 1993 இன் மாற்றத்துக்குப் பின் அது என்னவாகும்? சிறிது காலம் பழையதும் செல்லும்படி விட்டனர். பின்னர் அவ்வழி அடைபட்டது. எழுத்துமூலமன்றி வேறு வழியில் ஒருவரை ஒருவர் தேடல் இயலாத காலம் அது.

நம் நாட்டிலும் 2003 இல் எண்கள் சீர்செய்யப்பட்டன. கொழும்பின் 01 என்பது 011 ஆகவும், கண்டியின் 08 என்பது 081 ஆகவும் மாறின. யாழ்ப்பாணத்தின் 021 மாறவில்லை. ஆயினும் உள்ளிலக்கங்கள் ஏழாக நீண்டன. இன்று மன்னார் 023, வவுனியா 024, திருகோணமலை 026, மட்டக்களப்பு 065. கிளிநொச்சியும் 021 இல் அடங்கும்.

இறுதியாக ஒன்று. 021 இன் முன்னுள்ள பூச்சியம் குறியீட்டெண்ணின் உறுப்பன்று. நாட்டுக்குள் வெளியூரை அழைக்கிறோம் என்பதற்கான அடையாளமே. ஆதலின் வெளிநாட்டிலிருந்து அழைப்போர் அதனை நீக்கி, 94 இன் பின் 21 என்றே அழுத்துக. இங்கிருந்து ரொறன்ரோவை அழைப்போர் 00, பின் 1, பின் 416 அல்லது உரிய வேறெண் என அழுத்துக. நமக்கு மாலை ஏழரை மணியாகும்போது அங்கே கோடையிற் காலை பத்து மணி, மாரியில் ஒன்பது.