பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், மெல்லப் போங்கள்!

பிள்ளை பெற்ற வீட்டுக்கென்று நம்மிடம் ஒரு மரியாதை உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வோம். "பச்சை உடம்புக்காரி, இப்பத்தான் கண் அசந்திருக்கா" என்று பாட்டி கையைக் காட்டினால், வந்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார். யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. கொஞ்ச நாள்தானே, போனால் எல்லாம் பழையபடி!

இதே மரியாதையை ஒரு வேட்டைப் பறவைக்குக் கொடுக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்து யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இது வருஷா வருஷம் நடக்கிறது.

மூக்கில் ஏறிய பெண்மணி

யோசெமிட்டியில் எல் கேப்பிட்டன் என்று ஒரு பாறை. செங்குத்தாக ஏறக்குறைய 3,000 அடி. உலகம் முழுவதிலிருந்தும் பாறை ஏறுகிறவர்கள் இதைத் தேடி வருகிறார்கள். ஒரே நாளில் ஏறி முடிக்க முடியாதவர்கள் பாதி வழியில் தொங்கும் கட்டிலைக் கட்டிக்கொண்டு, அந்தரத்திலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள்! நமக்கோ பரண் மேல் ஏறி அண்டாவை எடுப்பதற்குள் தலை சுற்றுகிறது.

இது ஆண்கள் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1978-ல் பெவர்லி ஜான்சன் என்ற பெண்மணி தன்னந்தனியாக இந்தப் பாறையில் ஏறினார். இதில் 'மூக்கு' என்றே பெயர் பெற்ற ஒரு வழி உண்டு. கயிறு தவறி விழுந்தால் தாங்குவதற்கு மட்டுமே; ஏறுவதெல்லாம் கை கால் பலத்தில்தான் என்ற முறையில் அந்த வழியை முதன்முதலில் ஏறி முடித்தவர், 1993-ல், லின் ஹில். ஆண்களில் எவராலும் அதற்கு முன் முடியவில்லை.

இப்பேர்ப்பட்டவர்களும் சில மாதங்கள் சில வழிகளில் கால் வைக்கக் கூடாது. காரணம், அங்கே ஒரு தாய் அடைகாத்துக்கொண்டிருக்கிறாள்.

பாறை மேல் பிரசவ அறை

அந்தத் தாயின் பெயர் பெரிகிரின் ஃபால்கன். தமிழில் பொரி வல்லூறு என்பார்கள். உயரத்திலிருந்து இரையின் மேல் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டுகிற வேகம். உலகத்தில் இதைவிட வேகமான பிராணி கிடையாது.

இந்த இனத்தில் பெண்தான் உருவத்தில் பெரியவள். கூடு கட்டும் வழக்கமே இல்லை. ஆள் எட்டாத பாறை விளிம்பில் சரளையைக் காலால் கீறிப் பள்ளமாக்கி, மூன்று நான்கு முட்டை இடுவாள். ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாக அடைகாக்க வேண்டும். அடைகாப்பதில் பெரும்பங்கு தாய்க்கு. வேட்டையாடி வீட்டுக்குக் கொண்டு வருவது அப்பாவின் பொறுப்பு. குஞ்சு பொரித்து ஆறு வாரத்தில் பறக்கத் தொடங்கும்.

இந்தச் சமயத்தில் ஒரு மனிதன் கயிறும் ஆணியுமாகப் பக்கத்தில் முளைத்தால் என்ன ஆகும்? பதறிப் பறந்துவிடுவாள். தாய் எழுந்துபோன முட்டை குளிரிலோ வெயிலிலோ கெட்டுப்போகும். ஓரளவு வளர்ந்த குஞ்சோ, பயத்தில் சிறகு முற்றுவதற்குள் குதித்துவிடும். கீழே வெறும் பாறை. அந்த வருஷத்துச் சந்ததி அத்துடன் போயிற்று.

தாயின் பாரமே முட்டையை உடைத்த கதை

"ஒரு வருஷம் போனால் அடுத்த வருஷம் இட்டுவிட்டுப் போகட்டுமே" என்று கேட்கத் தோன்றும். அப்படிச் சொல்ல முடியாத நிலைமை வந்தது.

டி.டி.டி. மருந்தை நமக்குத் தெரியாதா? மலேரியாக் கொசுவை ஒழிக்க வீடு வீடாக வந்து சுவரில் அடித்துவிட்டுப் போன அதே மருந்துதான். எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் வயல்களிலும் தோப்புகளிலும் அதை வாரி இறைத்தபோது பூச்சியின் உடம்பில் சேர்ந்தது. பூச்சியைத் தின்ற சிறு பறவையிடம் அதைவிட அதிகம் சேர்ந்தது. சிறு பறவைகளைத் தின்ற வல்லூறின் கொழுப்பில் மேலும் மேலும் குவிந்தது. முட்டை ஓட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்தை இந்த விஷம் தடுத்துவிட்டது. ஓடு மெலிந்துபோயிற்று. அடைகாக்க ஆசையாய் உட்கார்ந்த தாயின் பாரத்திலேயே முட்டை நொறுங்கியது!

இங்கிலாந்தில் டெரெக் ராட்க்ளிஃப் என்ற விஞ்ஞானி, பழைய காலத்தில் சேகரித்து வைத்திருந்த முட்டை ஓடுகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஓடு மெலிந்துபோனதை 1967-ல் வெளியிட்டார். அதற்குள் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இந்தப் பறவை கூடு வைப்பதே நின்றுவிட்டது. 1970 வாக்கில் கலிஃபோர்னியா முழுவதிலும் தெரிந்தவரை இரண்டே ஜோடிதான் மிச்சம். 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது.

யோசெமிட்டியில் 1941-க்குப் பிறகு ஒரு கூடும் கண்ணில் படவில்லை. 1978-ல் எல் கேப்பிட்டனில் ஒரு ஜோடியைக் கண்டார்கள். கண்டுபிடித்துச் சொன்னவர்கள் யார் தெரியுமோ? பாறை ஏறுகிறவர்களேதான்!

அதோடு நின்றார்களா? விஞ்ஞானிகளுக்காக அவர்களே கயிற்றில் தொங்கிப் போய், மெலிந்த முட்டைகளைப் பத்திரமாக எடுத்து வந்தார்கள். தாய் ஏமாந்துபோகாமல் இருக்க அந்த இடத்தில் பொய் முட்டைகளை வைத்தார்கள். முட்டையைக் கருவியில் வைத்துப் பொரித்து வளர்த்த குஞ்சுகளைத் திரும்பக் கொண்டுபோய்க் கூட்டில் விட, தாயும் அவற்றைத் தன்னுடையதாகவே ஏற்று ஊட்டி வளர்த்தாள்.

முழுத் தடை இல்லை, கொஞ்ச நாள் பொறுமை

யோசெமிட்டியில் வழக்கமாக மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை, கூடு வைக்கும் பாறைகளில் ஏறக் கூடாது. "அப்போ மலையையே பூட்டிடுவாங்களா?" என்றால், இல்லை. பூங்காவைச் சேர்ந்தவர்கள் கீழிருந்து தொலைநோக்கியில் மணிக்கணக்காகக் கவனிக்கிறார்கள். கூடு எந்த விளிம்பில் என்று தெரிந்ததும், தள்ளியிருக்கும் வழிகளைத் திறந்துவிடுகிறார்கள். குஞ்சு பறந்ததும் மற்றதையும் திறக்கிறார்கள்.

இங்கிலாந்திலும் இதே ஏற்பாடுதான். கூட்டில் இருக்கும் வல்லூறைத் தொந்தரவு செய்வது அங்கே 1981-ம் வருஷச் சட்டப்படி குற்றம். எந்தப் பாறையில் எப்போது ஏறலாம் என்று மலையேறுவோர் சங்கமே உறுப்பினர்களுக்கு அறிவிக்கிறது.

மனத்தாங்கல் இருக்கத்தான் செய்யும். வருஷம் முழுக்கப் பணம் சேர்த்து, லீவு போட்டு வந்தவனுக்கு 'இன்று இல்லை' என்ற பலகையைப் பார்த்தால் வயிறு எரியாதா? ஆனால் காரணத்தைச் சொல்லி, வேண்டிய அளவுக்கு மட்டும் அடைத்து, வேலை முடிந்ததும் திறந்துவிட்டால் மனிதர்கள் ஒத்துழைக்கிறார்கள். வட அமெரிக்காவில் 1975-ல் தெரிந்தவை 324 ஜோடிகள்தான். டி.டி.டி. தடை, குஞ்சு வளர்ப்பு, கூட்டுக்குக் காவல் எல்லாம் சேர்ந்து, 1999-ல் அழியும் நிலையிலுள்ளவற்றின் பட்டியலிலிருந்து அமெரிக்கா இந்தப் பறவையை நீக்கிவிட்டது.

நம் பக்கத்துப் பாறைகளில்

பெரிகிரினின் இந்தியச் சகோதரி ஷாஹீன். நம் நாட்டு மலைகளிலும் இலங்கையிலும் செங்குத்துப் பாறைகளில் குடித்தனம் நடத்துகிறாள். பெங்களூருக்குப் பக்கத்தில், 1975-ல் வந்த 'ஷோலே' படத்தை எடுத்த ராமநகரப் பாறைகளும் மலையேறுகிறவர்களுக்குப் பிரியமான இடம். அங்கே ராமதேவர பெட்டாவில் கூடு வைக்கும் பிணந்தின்னிக் கழுகுகளுக்காக 2012-ல் சரணாலயம் ஏற்பட்டது. இந்தக் கழுகு வருஷத்துக்கு இடுவது ஒரே ஒரு முட்டை.

கழுகுகளுக்கு எமனாக வந்தது டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து. அந்த மருந்து கொடுத்த மாடு இறந்து, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. கால்நடைக்கு அதைக் கொடுப்பதை இந்தியா 2006-ல் தடை செய்தது. வீட்டில் பசு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நமக்கு வாங்கிய வலி மாத்திரையைப் பசுவுக்கு அரைத்துக் கொடுக்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கேட்டால், கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் போன்ற மருந்தைச் சொல்வார்.

விடுமுறைக்குக் குழந்தைகளுடன் மலைப்பக்கம் போகிறீர்களா? பாறை விளிம்பில் பறவை உட்கார்ந்திருந்தால் கல் எறியவோ, கை தட்டிக் கூச்சலிடவோ விடாதீர்கள். படம் பிடிக்கும் ட்ரோனைக் கூட்டுப்பக்கம் ஓட்ட வேண்டாம். பறவை தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால், "என் குழந்தை இங்கே இருக்கு, தள்ளிப் போ" என்கிறாள் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். தம்பி பாப்பா தூங்கும்போது கால் விரலில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கு, இது ஒரு தடவை சொன்னாலே புரிந்துவிடும்.