எந்த நூறில்? டாக்டர் மேல்படிப்புக் கணக்கு

காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்குப் பஸ் ஏறினால், சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த மலைமேல் இருக்கிறது திண்ணனூர் நாடு. (இங்கே நாடு என்றால் தேசம் அல்ல. மலையில் உள்ள ஊராட்சிகளுக்கு அப்படிப் பெயர்.)

மிளகும் காப்பியும் பலாவும் விளையும் மலை. ஆனால், பிரசவத்தில் சிக்கல் என்றால் இந்த 70 வளைவும் பெரிய சோதனை. பிரசவ டாக்டரும், குழந்தை டாக்டரும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரும் மலையிலேயே இருந்துவிட்டால் கவலை இல்லை. அப்படிப்பட்ட டாக்டராக வேண்டுமானால், எம்.பி.பி.எஸ். முடித்தபின் மேலும் 3 ஆண்டு படிக்கவேண்டும். அதில் இடம் பிடிப்பதுதான் கஷ்டம்.

டாக்டருக்குப் படிக்கும் பிள்ளையின் தாய் தகப்பன் காதில் பல எண்கள் விழுகின்றன. "நூற்றுக்கு 58 பேருக்கு இடம்" என்பார் ஒருவர். "பூஜ்யம் போதுமாம்" என்பார் இன்னொருவர். யார் என்ன சொன்னாலும், "எந்த நூறில்?" என்று ஒரு கேள்வி கேட்கவேண்டும்.

பூஜ்யமும் பாசா?

2023 செப்டம்பரில், மேல்படிப்பு நீட் பரீட்சைக்குத் தகுதி பூஜ்ய பெர்சென்டைல் என்று அறிவித்தார்கள். "முட்டை மார்க்கு வாங்கினால் டாக்டரா?" என்று ஊரெல்லாம் பேச்சு!

பெர்சென்டைல் என்பது மார்க்கு அல்ல. வரிசையில் நிற்கும் இடம். 50 பெர்சென்டைல் என்றால், பரீட்சை எழுதியவர்களில் பாதிப் பேர் உங்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள். பூஜ்யம் என்றால், கடைசியில் நிற்பவரும் கலந்தாய்வுக்கு வரலாம். அவ்வளவுதான். அவரும் ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். பாஸ் செய்தவர்தான்.

இடங்கள் காலியாகக் கிடந்ததால் இப்படிச் செய்தார்கள். எந்த இடங்கள்? உடற்கூறு, உயிர்வேதியியல் போன்ற துறைகளில்தான் அதிகம். எல்லோரும் கேட்கும் துறைகளில் நெருக்கடி குறையவில்லை.

அமெரிக்கக் கணக்கு

அமெரிக்காவில் 1952 முதல் ஒரு முறை இருக்கிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் பார்ப்பது மாதிரிதான். டாக்டர், தமக்குப் பிடித்த ஆஸ்பத்திரிகளை வரிசையாக எழுதிக் கொடுப்பார். ஆஸ்பத்திரிகளும் தங்களுக்குப் பிடித்த டாக்டர்களை வரிசையாக எழுதிக் கொடுக்கும். கம்ப்யூட்டர் இரண்டையும் பொருத்திப் பார்க்கும். மார்ச் மாதம் முடிவு தெரியும்.

2024-ல், அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் கடைசி ஆண்டு மாணவர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு மேல் இடம் கிடைத்தது. வெளிநாட்டில் படித்த வெளிநாட்டினருக்குக் கிடைத்தது நூற்றுக்கு 58.5.

"பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறதே" என்று நிலத்தை விற்கக் கிளம்பிவிடக் கூடாது. அந்த நூறு பேர் யார்? வரிசைப் பட்டியல் எழுதிக் கொடுத்தவர்கள் மட்டும். ஓர் ஆஸ்பத்திரியும் பேட்டிக்கு அழைக்காவிட்டால், பட்டியலில் எதை எழுதுவது? அப்படி ஒதுங்கியவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். கட்டிய பரீட்சைப் பணமும், விண்ணப்பப் பணமும் போனது போனதுதான்.

மலைக்கு மார்க்கு

நம் நாட்டில், எளிதில் போகமுடியாத இடங்களில் வேலை செய்யும் சர்க்கார் டாக்டர்களுக்கு ஊக்க மார்க்கு கொடுக்க மருத்துவக் கவுன்சில் விதி செய்தது. ஆண்டுக்கு 10 சதவீதம் வரை. மொத்தம் 30 சதவீதத்துக்கு மேல் கூடாது.

இங்கேயும் அதே கேள்விதான். எதில் 10 சதவீதம்? பரீட்சையின் மொத்த மார்க்கு 800. அதில் அல்ல, டாக்டர் வாங்கிய மார்க்கில்! 300 வாங்கியவர் மலையில் 3 ஆண்டு இருந்தால் அதிகபட்சம் 90 கூடும். 400 வாங்கியவருக்கு 120 கூடும். அதே மலை, அதே 3 ஆண்டு. ஆனாலும் 30 மார்க்கு வித்தியாசம். மலைக்குப் போனால் போதும், படிக்க வேண்டாம் என்று நினைக்கும் டாக்டர் ஏமாந்துபோவார்.

சர்க்கார் டாக்டர்களுக்கு மேல்படிப்பில் தனி இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று, 2020 ஆகஸ்டு 31-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. வழக்குப் போட்டவர்களில் தமிழ்நாட்டு டாக்டர்கள் சங்கமும் ஒன்று. 5 நீதிபதிகள் விசாரித்த வழக்கு அது.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தனி ஒதுக்கீட்டில் படித்து முடித்த டாக்டர்கள், கிராமத்திலோ மலையிலோ பழங்குடியினர் பகுதியிலோ 5 ஆண்டாவது வேலை செய்யவேண்டும். அதற்குப் பத்திரம் எழுதி வாங்கவேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள்.