ஒன்பதாயிரம் ரிங்கிட் லென்ஸ் நமக்கு வேண்டுமா?

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்தில் வார நாள்களில் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை செய்துவிட்டு, சனி ஞாயிறுகளில் திருமணப் படம் எடுக்கப் போகும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். நான் வானொலியில் இருப்பவன், ஊடகம் படித்தவன், கேமராவும் வைத்திருப்பவன் என்பதால் அவர்களில் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: “அண்ணே, அந்த எஃப் 1.2 லென்ஸைத் தவணையில் எடுத்துவிடலாமா?”

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள் தம்பி என்பேன். அந்தக் கணக்கு இதோ.

ஜூம் செய்ய முடியாத, ஒரே குவியத் தொலைவு கொண்ட லென்ஸைப் ‘பிரைம்’ என்கிறோம். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம் பெரிதாகும். உள்ளே வரும் ஒளியும் கூடும். கேனன் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆர்எஃப் 50 மில்லிமீட்டர் எஃப் 1.2 லென்ஸின் அறிமுக விலை 2,299 அமெரிக்க டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் 9,000 ரிங்கிட்டுக்கு மேல். எடை 950 கிராம். அதே நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸின் அறிமுக விலை 199 டாலர்தான். அன்று நம் பணத்தில் சுமார் 800 ரிங்கிட். எடை 160 கிராம்.

இனி ஒளிக் கணக்கு. கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸை நீட்டினால் பெரும்பாலும் எஃப் 5.6-இல் நிற்கும். அதிலிருந்து எஃப் 1.8-க்கு வந்தால் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி கிடைக்கும். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் டியூப் லைட்டும் எண்ணெய் விளக்கும் மட்டும் உள்ள இரவில், கரகம் ஆடுபவர் கலங்காமல் படத்தில் விழ இது பேருதவி. ஆனால் எஃப் 1.8-இலிருந்து எஃப் 1.2-க்குப் போனால் கூடுவது இரண்டே கால் மடங்குதான். ஐஎஸ்ஓ 3200-இல் எடுக்க வேண்டிய படத்தை 1600-க்குச் சற்றுக் குறைவில் எடுக்கலாம். இன்றைய கேமராக்களில் இந்த வேறுபாட்டைத் திருமண ஆல்பத்தில் கண்டுபிடிப்பது கடினம்.

பதினொரு மடங்கு விலை கொடுத்து இரண்டே கால் மடங்கு ஒளி. 2025-இல் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் பார்த்தால், ஐந்து மாத உழைப்புக்கு மேல் ஒரு கண்ணாடிக்குப் போகிறது.

அப்படியானால் விலை எதற்கு? துவாரத்தை முழுதாகத் திறந்தாலும் ஓரம்வரை கூர்மை, தூசியும் ஈரமும் எளிதில் புகாத கட்டமைப்பு, பின்னணி வெண்ணெய்போல் கரையும் அழகு. இவை பொய்யில்லை. ஆனால் அந்த அழகுக்கும் ஒரு விலை உண்டு. முழுச்சட்டகக் கேமராவில் எஃப் 1.2 வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் மூன்று சென்டிமீட்டர். மணப்பெண் சற்றுத் திரும்பினால் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக் 1975-இல் வெளிவந்த ‘பேரி லிண்டன்’ படத்தில் மெழுகுவத்தி வெளிச்சக் காட்சிகளை, நாசாவுக்காக உருவான எஃப் 0.7 லென்ஸில் எடுத்தார். அங்கேயும் நடிகர்கள் அதிகம் அசைய முடியவில்லை.

நம் திருமணங்களில் யார் அசையாமல் இருக்கிறார்கள்? தாத்தா பாட்டி, அத்தை மாமா, பேரப்பிள்ளைகள் என்று மூன்று வரிசை நிற்கும் குடும்பப் படத்துக்கு எப்படியும் எஃப் 5.6, எஃப் 8 என்று துவாரத்தைச் சுருக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு லென்ஸும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. கெடாவில் பால்மரக்காடு செம்பனையானது. பல இடங்களில் அதுவும் போய் வீடமைப்புப் பகுதியானது. லயத்து வீடு, ஆலமரத்தடிக் கோயில், தமிழ்ப்பள்ளி வேலி, தூரத்தில் ஜெராய் மலை இவையெல்லாம் பழைய குடும்பப் படங்களில் ஆட்களுக்குப் பின்னால் தற்செயலாகத்தான் பதிவாயின. இன்று அந்தப் படங்களை எடுத்துப் பார்க்கும்போது முகத்தைவிடப் பின்னணியைத்தான் விரல் வைத்துக் காட்டுகிறோம், “இங்கேதான் நம் வீடு இருந்தது” என்று. பின்னணியைக் கரைப்பதற்கே பணம் கொடுக்கும் முன், எதைக் கரைக்கிறோம் என்று யோசிக்கலாம்.

வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. மாதந்தோறும் திருமணங்கள் கையில் இருந்து, லென்ஸ் போட்ட பணத்தை ஓராண்டுக்குள் சம்பாதித்துக் கொடுக்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள். மற்றவர்கள் முதலில் எஃப் 1.8-ஐ வாங்கி ஆறு மாதம் பழகுங்கள். பிறகு கணினியில் உங்கள் படங்களின் விவரங்களைத் திறந்து, எத்தனை படம் எஃப் 1.8-இல் எடுத்தவை என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் இருந்தால், பெரிய லென்ஸை ஒரு திருமணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் மிச்சமாகும் எட்டாயிரத்தில் ஒரு நல்ல ஃபிளாஷ் வாங்கலாம். அப்பா அம்மாவின் பழைய படங்களை ஸ்கேன் செய்து பெரிதாக அச்சடித்துக் கொடுக்கலாம். அதற்குப் பிறகும் கையில் காசு இருக்கும்.